ஈஸ்ட் காலக்டோஸுக்குப் பழகிய கதை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பேத்தி தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த திண்ணைக்கு வந்தாள். உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலை படிக்கிறாள். ஈஸ்ட் பற்றி ஏதோ கட்டுரை எழுத வேண்டுமாம்.

“தாத்தா, நீங்க பிரெஞ்சு படிச்சவங்கதானே? இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அர்த்தம் சொல்லுங்க. கம்ப்யூட்டர்ல போட்டா போதைப் பழக்கம்னு வருது. ஈஸ்ட்டுக்கு எப்படி தாத்தா போதைப் பழக்கம் வரும்?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். 1900-ஆம் ஆண்டு பாரீஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஆய்விதழில் வந்த ஒரு நீளமான கட்டுரை. எழுதியவர் பெயர் தியெனேர். தலைப்பில்தான் அந்தச் சொல் இருந்தது: அக்கூத்யுமான்ஸ். ஒரு மருந்துக்கோ போதைப் பொருளுக்கோ உடம்பு பழகிப் போவதையும் பிரெஞ்சு மருத்துவர்கள் இந்தச் சொல்லால்தான் குறிப்பார்கள். ஆனால் அதன் பழைய, நேரான பொருள் பழக்கப்படுதல் என்பதுதான். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பழக்கம். காலக்டோஸ் என்ற சர்க்கரைக்கு ஈஸ்ட் எப்படிப் பழகுகிறது என்பதே கட்டுரையின் பொருள் என்றேன்.

“சரி, பழக்கம்னே போட்டுக்கறேன். ஆனா அந்த வார்த்தையே தப்பு தாத்தா. ஈஸ்ட் எதையும் பழகறதில்ல. பிறவியிலேயே எல்லாம் எழுதியிருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரெஞ்சு வழியில் படித்து, பிறகு 30 வருடங்களுக்கு மேல் அரசு அலுவலகத்தில் நகல் எழுதிக் காலம் தள்ளியவன் நான். ஒரு சொல்லைத் தப்பு என்று யாராவது சொன்னால், ஏன் தப்பு என்று தெரியாமல் விட மனம் வராது. மறுநாளே அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். நாலு வாரம் அவள் சொல்லிக் கொடுத்ததையும், நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என் வயது அன்பர்கள் பொறுமையாகப் படியுங்கள். சுவாரசியமான கதைதான்.

முதலில் பாஸ்டர். நாங்கள் வகுப்பில் பஸ்தேர் என்போம். வெறிநாய்க்கடி ஊசி என்றாலே அவர் பெயர் நினைவுக்கு வரும். குன்னூரில் அவர் பெயரால் நிறுவனமே இருக்கிறது. ஆனால் நாய்க்கடிக்கு வருவதற்கு முன்னால் அவர் ஈஸ்ட்டைத்தான் ஆராய்ந்தார். 1850-களில் பிரான்சின் வடக்கே லீல் நகரில் பேராசிரியராக இருந்தபோது, பீட்ரூட்டிலிருந்து சாராயம் வடிக்கும் ஒருவர், தொட்டிகள் கெட்டுப் போகின்றன, என்ன காரணம் என்று பாருங்கள் என அவரிடம் வந்தார். பாஸ்டர் நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து, சர்க்கரை சாராயமாவது வெறும் ரசாயன அழுகல் அல்ல, ஈஸ்ட் என்னும் உயிருள்ள நுண்ணுயிர் செய்யும் வேலை என்று நிறுவினார். ரொட்டி மாவு உப்புவதும், பானையில் கள் பொங்குவதும் அந்த வேலைதான்.

காலக்டோஸைத் தனியாகப் பிரித்து ஆராய்ந்தவரும் அவரே, 1856-இல். பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். அதை உடைத்தால் பாதி குளுக்கோஸ், பாதி காலக்டோஸ். கிரேக்க மொழியில் காலா என்றால் பால். குளுக்கோஸும் காலக்டோஸும் ஒரே எண்ணிக்கை அணுக்கள் கொண்டவை. ஒரே ஓர் இடத்தில் ஒரு சிறு பகுதி திசை மாறி நிற்பதுதான் வித்தியாசம். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் வகிடு வலப்பக்கம் என்பது போல.

இனி தியெனேர். ரொட்டிக்கடை ஈஸ்ட்டை குளுக்கோஸில் போட்டால் உடனே நுரை தள்ளும். அதே ஈஸ்ட்டைக் காலக்டோஸில் போட்டால் மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது. செத்துப் போய்விட்டதோ என்று நினைக்கும் நேரத்தில் மெதுவாக நுரை எழும்பும். பிறகு தடையின்றி நடக்கும். அப்படிப் பழகிய ஈஸ்ட்டை மறுபடி குளுக்கோஸில் கொஞ்ச காலம் வளர்த்தால், காலக்டோஸ் வேலை மறந்துவிடும். திரும்பவும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். இதைத்தான் அவர் பழக்கம் என்றார். கண்ணால் பார்த்ததற்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

ஆனால் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. அந்த மணிநேரங்களில் ஈஸ்ட்டுக்குள் என்ன நடந்தது? அது புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டதா? அல்லது உள்ளே ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்று வேலைக்கு வந்ததா? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 85 வருடங்கள் ஆயின.

நடுவில் இந்தக் கேள்வி அரசியலாகவும் ஆனது. சோவியத் நாட்டில் லைசென்கோ என்ற வேளாண்மைக்காரர், பயிர்களைச் சூழ்நிலைக்குப் பழக்கினால் அந்தப் பழக்கம் விதைக்கும் இறங்கும் என்றார். ஸ்டாலின் ஆதரவு அவருக்கு இருந்தது. 1948 ஆகஸ்டில் அங்கே மரபணு இயலே தடை செய்யப்பட்டது போல் ஆயிற்று. அதற்கு முன்பே வவிலோவ் என்ற மாபெரும் தாவர அறிஞர் 1943-இல் சிறையில் இறந்திருந்தார். பாரீஸில் ழாக் மோனோ என்ற விஞ்ஞானி, ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த காலத்தில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து தலைமறைவாகப் போராடியவர். அவரே 1948 செப்டம்பரில் ‘கொம்பா’ நாளிதழில் லைசென்கோவைக் கண்டித்து எழுதினார். பழைய தோழர்கள் சிலரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார்.

மோனோவுக்கு இது வெறும் அரசியல் அல்ல. அவருடைய சொந்த ஆராய்ச்சியே ‘பழக்கம்’ பற்றியதுதான். 1941-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில், பாக்டீரியாவுக்குக் குளுக்கோஸோடு இன்னொரு சர்க்கரையையும் சேர்த்துக் கொடுத்தார். அது முதலில் குளுக்கோஸை முழுக்கத் தின்றது. பிறகு வளர்ச்சி நின்றது. சற்று நேரம் கழித்து இரண்டாவது சர்க்கரையைத் தின்னத் தொடங்கி மறுபடி வளர்ந்தது. இதற்கு அந்தக் காலத்தில் நொதித் தகவமைப்பு என்று பெயர். அந்தப் பெயரிலேயே, உயிர் சூழ்நிலையிடம் பாடம் கற்றுக்கொள்கிறது என்ற வாடை அடித்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்பீகல்மான் என்பவர், மரபணுவைப் போல் தாமே பெருகும் துகள்கள் ஈஸ்ட்டின் உடற்குழம்பில் இருந்துகொண்டு இந்தப் பழக்கத்தைத் தாங்கி நிற்கின்றன என்று ஒரு கருத்தே வைத்தார். அது நிலைக்கவில்லை.

1953-இல் மோனோ, ஸ்பீகல்மான் உட்பட ஐந்து விஞ்ஞானிகள் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ஓர் அறிவிப்புப் போல எழுதினார்கள். இனி ‘தகவமைப்பு’ வேண்டாம், ‘தூண்டல்’ என்று சொல்வோம் என்றார்கள். கோப்பில் ஒரு சொல்லை அடித்து வேறு சொல் எழுதினால் அர்த்தமே மாறிவிடும் என்பது குமாஸ்தாவாக இருந்தவர்களுக்குத் தெரியும். ‘தகவமைப்பு’ என்றால் உயிர் கற்றுக்கொண்டது. ‘தூண்டல்’ என்றால் உள்ளே இருந்தது கிளப்பப்பட்டது. பேத்தி அந்தச் சொல் தப்பு என்றது இந்த 1953-ஆம் வருட முடிவின்படிதான் என்று அப்போது புரிந்தது.

பாஸ்டர் நிறுவனத்தின் மேல்மாடியில், ஓட்டுக்கூரைக்கு அடியில், அந்த்ரே லுவோஃப் என்பவரின் ஆய்வகம் இருந்தது. நடைபாதையின் ஒரு கோடியில் மோனோ. மறு கோடியில் பிரான்சுவா ழக்கோப். ழக்கோப் அறுவை மருத்துவராக வேண்டும் என்று படிக்கத் தொடங்கியவர். 1940-இல் படிப்பை விட்டுவிட்டு தெ கோல் படையில் சேர்ந்தார். நம் புதுச்சேரியும் அதே 1940 செப்டம்பரில் தெ கோல் பக்கம் சேர்ந்தது. நம் ஊர் சொல்தாக்கள் பலர் அந்தப் படையில் இருந்தார்கள் என்பதால் எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பாசம். 1944 ஆகஸ்டில் நார்மண்டியில் குண்டுச் சிதறல் பட்டு மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். அறுவை மருத்துவராக இனி முடியாது என்றானபின், சுற்றி அலைந்து, 1950-இல் லுவோஃப்பின் மேல்மாடிக்கு வந்து சேர்ந்தார்.

ழக்கோப் பார்த்தது பாக்டீரியாவுக்குள் உறங்கிக் கிடக்கும் வைரஸ். மோனோ பார்த்தது சர்க்கரை. இரண்டும் வேறு வேறு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1958 ஜூலையில் ஒரு நாள், மனைவியோடு சினிமாவுக்குப் போயிருந்த ழக்கோப்புக்குப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்று பொறி தட்டியது. இரண்டு இடத்திலும் பூட்டு ஒன்றுதான். மரபணுவின் மேல் நேராக எதுவோ உட்கார்ந்து அதை வேலை செய்யாமல் தடுக்கிறது. அது விலகினால் வேலை நடக்கிறது. ‘உள்ளிருக்கும் சிலை’ என்று பொருள்படும் தன் வாழ்க்கை வரலாற்றில் இதை அவர் எழுதியிருக்கிறார். மோனோ முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆனால் சோதனைகள் அந்தப் பக்கமே காட்டின. 1961-இல் இருவரும் சேர்ந்து அந்தப் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார்கள்.

1965 அக்டோபரில் லுவோஃப், மோனோ, ழக்கோப் மூவருக்கும் நோபல் பரிசு. அப்போது எனக்கு 15 வயது. எங்கள் பிரெஞ்சு முசியே, கப்பலில் தாமதமாக வந்த பத்திரிகையை வகுப்பில் உரக்கப் படித்தது நினைவிருக்கிறது. படித்து முடித்து, “இந்த மூவரும் கண்டுபிடித்தது என்னவென்று எனக்கும் புரியவில்லை. ஆனால் நீங்கள் அழகாக டிக்டே எழுதலாம்” என்று சொல்லி, அந்தச் செய்தியையே எங்களுக்கு டிக்டே கொடுத்தார். எனக்கு மூன்று பிழை. 60 வருடம் கழித்துத்தான் அதன் பொருள் புரிகிறது.

அந்தத் தடுப்பான் எதனால் ஆனது என்பது 1961-இல் தெரியாது. ஆர்.என்.ஏ-வாக இருக்கலாம் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். 1966, 67-இல் ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ மியூலர்-ஹில்லும் ஒரு தடுப்பானைப் பிடித்தார்கள். அதே ஹார்வர்டில் மார்க் டாஷ்னே வேறொன்றைப் பிடித்தார். இரண்டுமே புரதம். டி.என்.ஏ-வில் குறிப்பிட்ட ஓர் இடத்தை அடையாளம் கண்டு, அங்கே போய் ஒட்டிக்கொள்ளும் புரதம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, என் பழைய தொழிலை வைத்து ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்தது நகல் பிரிவில். பதிவறையில் தடித்தடியான பதிவேடுகள், பிரெஞ்சுக் காலத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகள் உட்பட. ஒரு விதி மட்டும் மாறவே மாறாது. பதிவேடு அறையை விட்டு வெளியே போகாது. நகல்தான் வெளியே போகும். உயிரணுவிலும் அதே விதி. டி.என்.ஏ பதிவேடு. அதில் ஒரு பக்கம் ஒரு மரபணு. அந்தப் பக்கத்தை ஒரு நொதி பார்த்துப் பார்த்து ஆர்.என்.ஏ என்னும் நகல் எடுக்கும். இதற்குத் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் படியெடுத்தல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் யாரோ, குமாஸ்தா குடும்பத்துப் பிள்ளையாக இருக்க வேண்டும். அந்த நகல் வெளியே போய், அதைப் பார்த்துப் புரதம் தயாராகிறது.

பாக்டீரியாவில் தனிப் பதிவறை கிடையாது. பதிவேடு மேசையிலேயே திறந்து கிடக்கிறது. மோனோவின் பூட்டு, யாரும் அதில் கை வைக்காமல் தடுத்தது. ஈஸ்ட் அப்படியல்ல. நம்மைப் போலவே அதற்கும் உட்கரு என்ற தனி அறை உண்டு. அங்கே டி.என்.ஏ புரத உருளைகளில் சுற்றிக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கயிறு கட்டி அடுக்கிய பதிவேடு. அதற்குப் பூட்டு மட்டும் போதாது. கட்டை அவிழ்த்து, இந்தப் பக்கத்தை நகல் எடு என்று யாராவது சொல்ல வேண்டும். பாக்டீரியாவுக்கு உண்மையானது யானைக்கும் உண்மைதான் என்பது மோனோவின் பிரபலமான கருத்து. யானைக்கு முன்னால் ஈஸ்ட்டுக்காவது அது பொருந்துமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

அதைப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் இருந்த ஹோவர்ட் டக்ளஸ், டொனால்ட் ஹாதோர்ன் என்ற இருவர். தியெனேர் பார்த்த அதே காலக்டோஸ் வேலையை 1960-களில் எடுத்துக்கொண்டார்கள். காலக்டோஸைக் குளுக்கோஸ் வழிக்குக் கொண்டுவர மூன்று நொதிகள் முக்கியமாக வேண்டும். மூன்றுக்கும் மூன்று மரபணுக்கள். ஆனால் கால்4 என்ற நான்காவது ஒரு மரபணு கெட்டுப்போனால், மற்ற மூன்றும் நன்றாக இருந்தும் மூன்று நொதியும் உண்டாவதில்லை. மாறாக, கால்80 என்ற வேறொரு மரபணு கெட்டால், காலக்டோஸே இல்லாதபோதும் மூன்று நொதியும் ஓயாமல் உண்டாகின்றன. இரண்டும் சேர்ந்து கெட்டால் ஒன்றும் உண்டாவதில்லை. ஆக, கால்4 வேலையைத் தொடங்கி வைப்பவர். கால்80 அவரைத் தடுப்பவர். வெறும் கலப்பு செய்து, எது வளர்கிறது எது வளரவில்லை என்று தட்டுகளைப் பார்த்தே இவ்வளவையும் கண்டுபிடித்தார்கள். இன்று இருக்கும் கருவி ஒன்றும் அப்போது கிடையாது.

தடுப்பது எப்படி? கால்80, கால்4-ஐ உண்டாகவே விடுவதில்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். அது மோனோ பாணி. ஜப்பானில் ஒசாகாவில் ஓஷிமாவின் குழு 1978-இல் அது அப்படியல்ல என்று காட்டியது. சூடு பட்டால் கெட்டுப்போகும் ஒரு கால்4-ஐ வைத்துச் சோதித்ததில், காலக்டோஸ் வருவதற்கு முன்பே கால்4 புரதம் தயாராக இருப்பது தெரிந்தது. ஆள் ஏற்கெனவே வேலைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். கால்80 அவர் வாயைப் பொத்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

1985-இல் டாஷ்னேயின் ஆய்வகத்தில் கடைசி முடிச்சு அவிழ்ந்தது. கால்4 புரதம் டி.என்.ஏ-வில் ஒட்டும் இடங்களைக் கண்டார்கள். ஒவ்வோர் இடமும் 17 எழுத்து நீளம். கால்4 இரண்டிரண்டாகச் சேர்ந்து, இரு கையால் பிடிப்பது போல அந்த 17 எழுத்தின் இரு முனைகளையும் பிடித்துக்கொள்கிறது. இரண்டு மரபணுக்களுக்கு நடுவில் அப்படி நான்கு இடங்கள் வரிசையாக உள்ளன.

அதே வருடம் டாஷ்னேயும் ராஜர் பிரெண்ட்டும் இன்னொரு சோதனை செய்தார்கள். அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கால்4-இன் பெரும்பகுதியை எடுத்து, அதன் டி.என்.ஏ பிடிக்கும் பகுதிக்குப் பதிலாகப் பாக்டீரியாவின் ஒரு தடுப்பான் புரதத்தை ஒட்டுப் போட்டார்கள். இந்த ஒட்டு மாங்காய் இப்போது பாக்டீரியாவின் முகவரியைத்தான் படிக்கும். அந்த முகவரியை ஈஸ்ட்டில் ஒரு மரபணுவுக்கு முன்னால் வைத்தார்கள். அந்த மரபணு வேலை செய்தது. இதிலிருந்து தெரிந்தது என்னவென்றால், இந்தப் புரதத்துக்கு இரண்டு தனித்தனி வேலை. ஒரு பகுதி இடத்தைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு பகுதி, நகல் எடுக்கும் கூட்டத்தை அங்கே வரவழைக்கிறது. எங்கள் பிரிவில் பக்க எண் குறித்த சீட்டைச் செருகுவது ஒருவர், நகல் எழுதுபவரைக் கூப்பிடுவது இன்னொருவர் என்றிருந்தது போல. இங்கே இரண்டு வேலையும் ஒரே உடம்பில்.

இப்போது தியெனேரின் குடுவைக்குத் திரும்பி வருவோம். குளுக்கோஸ் இருக்கும்வரை, மிக்1 என்னும் இன்னொரு டி.என்.ஏ பிடிக்கும் புரதம் காலக்டோஸ் மரபணுக்களைப் பூட்டி வைக்கிறது. நல்ல சோறு இருக்கும்போது கூழ் எதற்கு என்ற கணக்கு. குளுக்கோஸ் போய்க் காலக்டோஸ் மட்டும் வந்தால், கால்3 என்ற புரதம் அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு போய்க் கால்80-ஐத் தன் பக்கம் இழுக்கிறது. கால்4-இன் வாய் திறக்கிறது. சுற்றிக் கட்டிய டி.என்.ஏ அவிழ்கிறது, நகல் எடுக்கும் நொதி வருகிறது, நகல்கள் குவிகின்றன, நொதிகள் தயாராகின்றன. மரபணுவின் வேலை ஏறத்தாழ 1000 மடங்கு கூடுகிறது. அதன் பிறகுதான் நுரை எழும்புகிறது. தியெனேர் காத்திருந்த அந்த மணிநேரங்கள் இவைதான். ஈஸ்ட் பள்ளிக்கூடம் போகவில்லை. பதிவேட்டில் இருந்த பக்கம் நகலாகிக்கொண்டிருந்தது.

இது ஈஸ்ட்டோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 1988-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் பியேர் ஷம்போன் குழுவினர், ஈஸ்ட்டின் கால்4-ஐ மனித உயிரணுவில் வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் அது வேலை செய்தது. ஈஸ்ட்டும் நாமும் பிரிந்து 100 கோடி வருடத்துக்கும் மேல் இருக்கும். ஆனாலும் ஈஸ்ட் குரல் கொடுத்தால் மனித உயிரணுவின் நகல் எழுதுபவர் எழுந்து வருகிறார். நம்மில் பலர் மூட்டு வலிக்கோ இரைப்புக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்து ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருப்போம். அதுவும் இதே வழிதான். மாத்திரையின் மருந்து உயிரணுவுக்குள் ஒரு புரதத்தோடு சேர, அந்தப் புரதம் உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ-வில் தன் இடத்தைப் பிடித்து, சில பக்கங்களை நகலெடுக்கச் சொல்கிறது, சிலவற்றை நிறுத்தச் சொல்கிறது. ஸ்டீராய்டு மாத்திரையின் பலன் தெரிய நேரம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நகல் எடுத்து முடிய வேண்டுமல்லவா?

இவ்வளவும் புரிந்தபின் பேத்தியிடம், “நீ சொன்னது சரிதான், தியெனேரின் சொல் தப்புத்தான்” என்று ஒப்புக்கொண்டேன். அவள் ஒரு மாதிரி சிரித்தாள்.

“இல்ல தாத்தா. நானும் மேல படிச்சேன். முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது போலிருக்கு.”

2007-இல் வந்த ஆய்வுகளைக் காட்டினாள். காலக்டோஸில் வளர்ந்த ஈஸ்ட்டைக் குளுக்கோஸுக்கு மாற்றி, அது பல தலைமுறை பெருகியபின் மறுபடி காலக்டோஸ் கொடுத்தால், முதல் தடவையைவிட விரைவாக வேலையைத் தொடங்குகிறது. டி.என்.ஏ-வில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் முதல் தடவை தயாரான புரதத்தில் மிச்சம் இருந்தது, தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்கும் பங்காகப் போகிறது. அந்த மிச்சம்தான் அடுத்த முறை காரியத்தை விரைவாக்குகிறது. லைசென்கோ சொன்னது போல் நிரந்தரமாக விதையில் இறங்குவது அல்ல இது. பங்கு சிறுத்துச் சிறுத்துச் சில தலைமுறையில் தீர்ந்துவிடும். ஆனால் தீரும்வரை, அதைப் பழக்கம் என்று சொன்னால் யார் மறுப்பது?

இதில் என் சொந்தக் கதை ஒன்றும் உண்டு. 1970-களில் வேலைக்குச் சேர்ந்தபோது, “உன் பிரெஞ்சைக் கடற்கரையில் போய்ப் பேசு, இங்கே இங்கிலீஷில் எழுது” என்றார் என் மேலதிகாரி ஒருவர். எழுதினேன். பழைய பதிவேடு யாராவது கேட்டால் ஒழிய பிரெஞ்சைத் தொடவில்லை. ஓய்வு பெற்றபின் அதுவும் இல்லை. தியெனேரின் 50 பக்கக் கட்டுரையை முழுவதும் தமிழில் சொல்லித் தருகிறேன் என்று பேத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தபோது, முதல் நாள் மூன்று மணி நேரத்தில் இரண்டு பக்கம்தான் நகர்ந்தது. அகராதியை ஒவ்வொரு வரிக்கும் புரட்டினேன். வயதாகிவிட்டது, எல்லாம் போய்விட்டது என்று மனம் உடைந்தது. பத்தாம் நாள், அகராதி பக்கத்தில் மூடியே கிடந்ததைக் கவனித்தேன். முசியேயின் குரல்கூடக் கேட்டது. மனிதனின் ஞாபகமும் ஈஸ்ட்டின் மரபணுவும் ஒன்றல்ல என்று பேத்தி எச்சரித்திருக்கிறாள். அதனால் அந்த ஒப்பீட்டை நான் நீட்டவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பை முடித்தபோது கடைசியாக ஒரு கேள்வி எழுந்தது. தலைப்பில் ‘பழக்கம்’ என்று எழுதுவதா, 1953 முடிவின்படி ‘தூண்டல்’ என்று திருத்துவதா? பேத்தி என் முடிவுக்கே விட்டாள். நகல் பிரிவில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்றுண்டு. மூலத்தில் பிழை என்று உனக்குத் தோன்றினாலும், நகலில் உள்ளபடியே எழுது. உன் கருத்தை ஓரத்தில் குறித்து, கீழே கையெழுத்துப் போடு.

‘பழக்கம்’ என்றே எழுதினேன். ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.